பழைய பில்டு ஓடி முடியுறதுக்குள்ள

ஒரே ஒரு மத்தியானம்தான் ஆச்சு நம்பி, ஆமா, இல்லைங்கல, நேத்து சாப்பிட்டு வந்து உக்காந்தேன், சாயா குடிக்கப் போறதுக்குள்ள பழைய டூலக் கழட்டிப் போட்டுட்டு புதுச மாட்டிட்டேன், அதுக்காக நான்தான் செல்வினக் கொன்னேன்னு ஆயிருமா, கேன்டீன்ல அத்தன பேரு பரோட்டாவப் பிச்சிக்கிட்டு வேடிக்கை பாக்கும்போது சொன்னியே, இவ்வளவு ஈசியா முடியுற காரியம்னா அன்னைக்கே ஏன் செய்யல, செஞ்சிருந்தா அவன் இன்னைக்கு இருந்திருப்பாம்லான்னு, சொல்லிட்டு பதில் கேக்காம தட்டக் கழுவப் போயிட்ட பாத்தியா, அந்தப் போக்குக்குத்தான் உன் சட்டையப் புடிச்சு அங்கனயே நிறுத்தணும்னு வந்துச்சு, ஆனா என் வாயில சோறு இருந்துச்சு, முழுங்கிட்டுப் பேசலாம்னு பாத்தா நீ இல்ல, உன் முதுகுதான் போகுது, அதனால இப்ப லேப்ல உக்காந்து உன் முதுகுகிட்டப் பேசிட்டு இருக்கேன், வாய் அசையுது போல, அந்தக் கடைசியில ரெக்கார்டு எழுதுத செகண்ட் இயர் பிள்ளைய என்னத் திரும்பித் திரும்பிப் பாக்குதுவ, இல்ல, என்னப் பாக்கல, நான் உக்காந்துருக்க மெஷினப் பாக்குதுவ. ஜன்னலோரம் மெஷின். இதுல இப்ப யாரும் உக்காருறதில்ல. சேர்ல ரெக்சின் கிழிஞ்சு ஸ்பாஞ்சு தெரியுது, அத செல்வின்தான் கிழிச்சான், பில்டு ஓடுற நேரமெல்லாம் அந்த ஓட்டைக்குள்ள விரல விட்டுத் துணுக்குத் துணுக்கா பிச்சுப் போடுவான், காவல் கெடக்கவனுக்கு ஒரு வேல வேண்டாமா மக்காம்பான், இப்ப என் விரலும் அங்கனதான் போகுது, எடுக்கேன், திரும்பப் போகுது, கைய மடியில வச்சுக்கிடுதேன், சும்மா கெடக்கட்டும்.

காவல்னா என்னன்னு உனக்குத் தெரியும், அந்தச் செகண்ட் இயர் பிள்ளையளுக்குத் தெரியாது, அதுவளுக்கு நம்ம ப்ராஜெக்ட்டே என்னன்னு தெரியாது, கரண்டு எடுக்குற காத்தாடிக்குள்ள பல்சக்கரம் போடுற சத்தத்தக் கேட்டு இது கெட்டுப் போகப் போகுதுன்னு முன்கூட்டியே சொல்லுற ப்ரோக்ராம், மூணு பேரு சேந்து எழுதுனோம், நீ, நான், அவன், எழுதுன அத்தன ஃபைலையும் ஒண்ணாக் கோத்து ஓடுற சாமானா ஆக்குறதுக்குப் பேருதான் பில்டு, அது ஓடுறதுக்குத்தான் இந்தச் சனியன் புடிச்ச பழைய டூலு, ஒரு எழுத்த மாத்து, ஒரே ஒரு கமாவ மாத்து, மாத்துனது எதுன்னு பாக்க அதுக்குத் துப்பு கெடையாது, மொதல்ல இருந்து அத்தனையையும் திரும்ப அரைக்கும், முக்கா மணி நேரம், சில நாளு அதுக்கும் மேல. அதுவரைக்கும் ஒருத்தன் மெஷின் முன்னால இருக்கணும், எந்திரிச்சுப் போனா அட்டெண்டர் வந்து லேப் காலின்னு மெயின அணைச்சுருவாரு, அணைச்சா இந்த மெஷின்ல பாதியில நிக்குறதெல்லாம் துடைச்சுப் போயிரும், மறுநாள் ஒண்ணுந் தெரியாத கொழந்த கணக்கா முழிச்சுப் பாக்கும், பென்டிரைவ்ல வீட்டுக்குக் கொண்டு போலாம்னா நம்ம கைடு கிங்ஸ்லி சார் கூடாதுன்னுட்டாரு, கம்பெனிக்காரன் ரெக்கார்டு பண்ணிக் குடுத்த சத்தம்லா, வெளிய போயிரக் கூடாதாம், காத்தாடி போடுற சத்தம் வெளிய போகக் கூடாதாம் நம்பி, பணகுடில இருந்து ஆரல்வாய்மொழி வரைக்கும் அத்தன சனத்துக்கும் ராத்திரி பகலா கேக்குத சத்தம். இப்பவும் கேக்குது. காத்தாடி எலையோட நெழலு ஜன்னல் வழியா வந்து ஸ்க்ரீன் மேல படிஞ்சு போகுது, ஒரு எலை, அடுத்த எலை, அடுத்த எலை, ஒவ்வொரு தடவையும் யாரோ பின்னால வந்து நின்னுட்டுப் போற மாதிரி இருக்கு, திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு உக்காந்துருக்கேன், முதல்ல ரெண்டு தடவ திரும்பிட்டேன், இனி திரும்ப மாட்டேன்.

எதுக்கு இப்ப பழைய பில்ட ஓட்டிட்டு இருக்கேன்னு கேப்ப. புதுசு மாட்டியாச்சு, மாத்துன ஃபைல மட்டும் தொடுது, நீ சாயாவ ஊதி ஒரு வாய் குடிக்குறதுக்குள்ள முடிச்சுட்டு நிக்குது, அப்புறம் இத எதுக்குக் கட்டிட்டு அழணும். சாரு கேட்டாரு. நாளைக்கு ரெவ்யூல ஸ்லைடு போடணுமாம், முன்னால எவ்வளவு நேரம், இப்ப எவ்வளவு நேரம், பார் சார்ட்டுல ரெண்டு பட்டை, ஒண்ணு நெட்டையா, ஒண்ணு குட்டையா, பாக்குறவங்களுக்கு ஒரு இது வரணும்மா, பழையத ஒரே ஒரு தடவ ஓட்டி டைம் எடுத்துக் குடுத்துருன்னாரு, அதுவும் எப்ப, கடைசி பீரியடுக்கு அப்புறந்தான் லேப் கெடைக்குதாம், அன்னைக்கு செல்வின் உக்காந்த அதே நேரம். அவருக்கு அது ஞாபகமே இல்ல நம்பி. மூஞ்சியப் பாத்தேன், இல்ல. ஒரு மனுசன் உக்காந்து காத்துக் கெடந்த நேரத்தப் பட்டையாப் போட்டு நீலக் கலர் அடிச்சுக் காமிக்கணும், அடியில ஓடுற நேரம் குறைந்ததுன்னு எழுதணும், அதையும் நான் எழுதணும்.

காவல் முறை யாரோடதுங்கதுதான உன் உள்ளுக்குள்ள ஓடுது, சொல்லு, அதனாலதான நேரா என் கண்ணப் பாக்காம தட்டப் பாத்துட்டுப் பேசுன. அன்னைக்கு உன் முற. எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், அவனுக்குந் தெரியும். நீ கிரிக்கெட் மேட்ச்சுன்னு போன, அவன் சரி போல, நான் பாத்துக்கிடுதேன்னான், மூணு பேருல யாரு கேட்டாலும் அவன் அப்படித்தான் சொல்லுவான், நான் கேட்டுருந்தாலும் சொல்லிருப்பான், அதனால உன் மேல நான் எதையும் தூக்கிப் போடல, ஒரு தடவகூட வாயத் தொறந்து சொன்னதில்ல, இன்னைக்குக் கேன்டீன்லயும் சொல்லல, சோறு இருந்ததனால இல்ல. நீ என் மேல போடுத, நான் உன் மேல போடணும், ரெண்டு பேரும் மாறி மாறி அடிச்சுக்கிட்டுக் கெடந்தா மேல உள்ள சாருக்கு எவ்வளவு சௌரியம் பாத்தியா, ஏசி ரூம்ல உக்காந்து பசங்களுக்குள்ள ஏதோ மனஸ்தாபம்னுருவாரு. காவல் யாரு முறன்னு கேக்குறோமே, காவல் எதுக்குன்னு கேட்டோமா. யோசிச்சுப் பாத்தா என் மண்டையும் இந்தப் பழைய டூலு கணக்காத்தான் ஓடுது, நீ ஒரு வார்த்தையத் தொட்டுட்டுப் போயிட்ட, நான் மொதல்ல இருந்து அத்தனையையும் அரைக்கேன், அவன் மொத நாளு கிளாசுக்கு வந்தது, ஏட்டி உன் பேரு நெஜமாவே முப்புடாதியான்னு கேட்டது, ஆமால, செல்வின்னா மட்டும் என்ன, ஏரோப்பிளேன் கம்பெனி பேரு கணக்கால்லா இருக்குன்னு நான் சொன்னது, அங்க இருந்து ஆரம்பிச்சு ஆஸ்பத்திரி வெராண்டா வரைக்கும், முடிஞ்சுருச்சுன்னு நெனைக்கும்போது இன்னொரு கமா, திரும்ப மொதல்ல இருந்து.

இந்தா வந்துட்டு. தெரியும் வரும்னு. ஸ்க்ரீன்ல மஞ்சக் கலர்ல ஒரு வரி, மஸ்கோத்துன்னு ஒரு பேரு வச்சிருக்க, ஆனா ஒரு எடத்துலயும் பயன்படுத்தவே இல்லையேன்னு மெஷின் எச்சரிக்கை குடுக்குது. அவன் வச்ச பேரு. அவன் எழுதுன ஃபைல்ல எல்லாம் திங்குற சாமான்தான, கருப்பட்டி, சேவு, மஸ்கோத்து, முதலூருக்காரன் வேற எதத்தான் வைப்பான், லீவு முடிஞ்சு வரும்போதெல்லாம் அவங்க அம்மா குடுத்து விடுற மஸ்கோத்து அல்வா, பாலித்தீன் கவருல எண்ணெயா வடியும், நீ கவரத் தொறந்து நக்குவ, இல்லைன்னு சொல்லு பாப்போம். பேர வச்சுட்டு எதுக்கு வச்சோம்னு மறந்துட்டான், அழிச்சுத் தொலைலன்னு எத்தன தடவ சொல்லிருக்கேன், கெடந்துட்டுப் போட்டும் மக்கா, பில்டு ஓடும்போது அதப் பாத்தாத்தான் பாதி தாண்டிருச்சுன்னு தெரியும்னு சொல்லுவான். பாதி தாண்டிருச்சு. புது டூல்ல இது வராது நம்பி. அந்த ஃபைல இனி யாரும் தொடப் போறதில்ல, தொடாத ஃபைல அது திரும்ப அரைக்காது, அரைக்கலைன்னா எச்சரிக்கையும் இல்ல, மொத தடவையோட சரி, அதுக்கப்புறம் நேத்து அத்தன தடவ ஓட்டிப் பாத்தேன், சுத்தமா ஓடுச்சு, ஒரு மஞ்ச வரி இல்ல, ஜெயிச்சுட்டேன்னு கைய உயத்தப் போனவ அப்படியே இருந்துட்டேன், யாரோ பேச்ச நிறுத்துன மாதிரி லேப்பு கெடந்துச்சு. நீ சொல்லுதது அதுதான்னா, அவன நான் வாயடைக்க வச்சுட்டேங்கதுதான்னா, ஆமான்னு ஒத்துக்கிடுதேன். ஆனா நீ அதச் சொல்லல. உனக்கு மஸ்கோத்தெல்லாம் ஞாபகம் இருக்கோ என்னவோ. நீ சொன்னது அன்னைக்கே ஏன் செய்யலன்னு.

அன்னைக்கே கேட்டோம்லா. உன்ன மாதிரி மறதிக்காரன நான் பாத்ததில்ல, நீயுந்தான கூட நின்ன, சார் ரூமு வாசல்ல, செருப்பக் கழட்டிட்டு, செல்வின் கையில லேப்டாப்பு, வீட்டுல இருந்து சின்னதா ஒண்ணு செஞ்சு கொண்டாந்துருந்தான், இந்தா பாருங்க சார், பழையதுல இவ்வளவு நேரம், புதுசுல கண்ணச் சிமிட்டுததுக்குள்ளன்னு, சாரு லேப்டாப்பப் பாக்கவே இல்ல, மேசைல இருந்த லேப் மேனுவல ஒரு தட்டு தட்டுனாரு, அவரு எழுதுன மேனுவலு, அட்டையில அவரு பேரு, உள்ள பூராவும் பழைய டூலு, வெளிய இருந்து பரீட்சைக்கு எக்ஸ்டர்னல் வந்தா அவருக்கு இதுதான் தெரியும், ஓடிட்டு இருக்க வண்டிய எதுக்குப்பா கழட்டுதீங்கன்னாரு. அடுத்த செமஸ்டர்ல திரும்பப் போய்க் கேட்டோம், இதையே வேற மாதிரி சொன்னாரு. மூணாவது தடவ நான் கொஞ்சம் குரல உயத்துனேன், சாயந்தரம் பஸ்ஸ விட்டுட்டு நிக்கோம் சார்னு, காத்துக் கெடக்கப் பழகுறதும் இஞ்சினியருக்கு ஒரு பாடம்தாம்மான்னு சிரிச்சாரு, நீயும் சேந்து சிரிச்ச, எனக்கு ஞாபகம் இருக்கு, செல்வினுஞ் சிரிச்சான், நான் மட்டுந்தான் சிரிக்கல, வெளிய வந்ததும் உனக்கு வாய் ஜாஸ்திட்டின்னு நீ சொன்ன. அப்புறம் அந்தச் சாயங்காலம். அப்புறம் நோட்டீஸ் போர்டுல இரங்கல், அதுல ஒரு வரி, அனுமதியின்றி கல்லூரி நேரம் முடிந்த பின்னும் வளாகத்தில் சுற்றித் திரிந்த மாணவர் நெடுஞ்சாலையில் விபத்துக்குள்ளானார்னு. சுற்றித் திரிந்த. இந்தச் சேர்ல கெடந்து ஸ்பாஞ்சப் பிச்சுட்டு இருந்தவன் சுத்தித் திரிஞ்சானாம். அடக்கம் முடிஞ்சு கொஞ்ச நாள்லயே நான் போனேன், நாலாவது தடவ, பேச்சே இல்ல, மாத்திக்கோம்மான்னு ஒரு நிமிசத்துல கையெழுத்து. மேனுவலு அங்கனதான் இருந்துச்சு. எக்ஸ்டர்னலும் அதே ஆளுதான். அப்ப கூடாதுன்னது இப்ப எப்படிக் கூடும், நடுவுல என்ன மாறுச்சு, செல்வின் மட்டுந்தான மாறுனான்.

காலேஜ் பஸ் ஸ்டார்ட் பண்ணுற சத்தம். கீழ ஆளு ஏறுது, எவனோ எவளையோ கூப்புடுதான், டிரைவரு ஆர்ன அமுக்குதாரு. ஒண்ணு சொல்லட்டா நம்பி, உட்காரும்போது எனக்குப் பயம் இருந்துச்சு, சாருக்குப் பயந்து இல்ல, உனக்குப் பயந்து இல்ல, இந்த மெஷினுக்குத்தான் பயந்தேன், இது இன்னைக்குப் பாத்து வெரசா முடிச்சுட்டுன்னா, பஸ் நிக்கும்போதே முடிச்சுட்டுன்னா, அப்ப அவன் பஸ்ஸப் புடிச்சிருக்கலாம், அப்ப நோட்டீஸ்ல போட்டது நெஜம், நீயும் நானும் அழுததெல்லாம் ஒரு ஊர்சுத்திக்குன்னு ஆயிருமேன்னு ஒவ்வொரு வரியும் ஓடும்போது மெதுவாப் போ, மெதுவாப் போன்னு வேண்டிக்கிட்டேன், எந்தச் சவத்த வெரசாப் போக வைக்க ரெண்டு வருசமா நாய் படாத பாடு பட்டோமோ அத. சவம்னு சொல்லிட்டேன் பாரு. இதுக்கு நான் வச்ச பேரே அதான, சவத்த ஓட்டு, சவம் முடிஞ்சுதான்னு, ஆஸ்பத்திரியில அவன மூடிருந்த துணியப் பாத்ததுல இருந்து அந்த வார்த்தையச் சொல்லுறதில்ல, இப்ப தானா வந்துட்டு. பஸ்சு நகருது. ஜன்னல் வழியாப் பாக்கேன், வளைவுல திரும்புது, பின்னாடி உள்ள லைட்டு தெரியுது, போயிட்டு. ஸ்க்ரீன்ல இன்னும் ஓடுது. இன்னும் ஓடுது நம்பி, நிக்கவே இல்ல, அவன் ஊர் சுத்தல. எனக்கு சந்தோசம் வரணும், வாயில கசப்புதான் வருது, ஏன்னா இப்ப நானும் பஸ்ஸ விட்டாச்சு, எந்திரிச்சா அட்டெண்டர் அணைப்பாரு, வாசல்ல சாவிய ஆட்டிக்கிட்டு நிக்காரு, முடிச்சுட்டு நானும் அந்த நாலுவழிச் சாலைக்கு நடக்கணும், நடுவுல உள்ள கட்டைய ஏறித் தாண்டி அந்தப் பக்கம் ரூட் பஸ்ஸுக்கு நிக்கணும், எம்சாண்ட் ஏத்திட்டுக் கேரளாவுக்குப் போற டிப்பரு ஒண்ணு பின்னால ஒண்ணு லைட்டப் போட்டுட்டு வரும், ரெண்டு லைட்டுக்கு நடுவுல எவ்வளவு எடம் இருக்குன்னு கணக்குப் பாக்கணும், அவனும் பாத்திருப்பான், அவன் கணக்குல கெட்டி, என்ன விடக் கெட்டி, அதுதான் எனக்குப் பயமா இருக்கு.

செல்வினோட அப்பா போன் பண்ணாரு. உனக்குத் தெரியாது, நான் யாருட்டயும் சொல்லல. முதலூர்ல இருந்து, பின்னாடி கோழி சத்தம் கேட்டுச்சு, காலேஜ்ல சொல்லுதாவ அவன் அங்கன சுத்திக்கிட்டு இருந்தான்னு, நீ அவன் கூடப் படிக்கிற பிள்ள, நெஜத்தச் சொல்லும்மா, ஏதும் பொம்பளப் பிள்ள விசயமா, குடிக்கப் போனானா, எதுன்னாலும் பரவால்ல நான் தாங்கிக்கிடுவேன், எனக்குத் தெரிஞ்சாப் போதும்னாரு. அந்த மனுசன் பதினாறு நாளா இதத்தான் நெனச்சுட்டு இருந்திருக்காரு. நான் சொன்னேன், இல்ல அங்கிள், மெஷின் வேல செஞ்சுட்டு இருந்துச்சு, அது முடியுற வரைக்கும் அவன் இருந்தான்னு. அப்புறம் கேட்டாரு, கோவத்துல இல்ல, நெஜமாவே வெளங்காமக் கேட்டாரு, "மிஷின்தானம்மா வேல செஞ்சுச்சு, அப்ப இவன் எதுக்கு இருக்கணும்?" நம்ம மூணு பேரும் ரெண்டு வருசமா கேட்டதுல இவ்வளவு நேரா ஒரு கேள்வி இல்லல்லா. நீ எங்கிட்டக் கேட்டதும் இதுக்கு முன்னால நிக்காது. விசாரிச்சுட்டுச் சொல்லுதேன் அங்கிள்னேன், சரிம்மான்னு வச்சுட்டாரு, அதுல இருந்து போன் அடிச்சா எடுக்கப் பயமா இருக்கு.

முடிஞ்சுருச்சு. ஸ்க்ரீன்ல பச்சையா ஒரு வரி, அவ்வளவுதான், ஃபேன் சத்தம் அடங்குது, அடங்கும்போது அன்னைக்கும் இப்படித்தான அடங்கிருக்கும், அவன் அப்பாடான்னு கைய நெட்டி முறிச்சிருப்பான், பையத் தோள்ல போட்டிருப்பான், அந்த நேரத்துல அவன் உசுரோட இருந்தான், நல்லா, பசியோட. அடியில எவ்வளவு நேரம் ஆச்சுன்னு மெஷின் எழுதிருக்கு. செகண்ட் இயர் பிள்ளைய பையக் கட்டுதுவ, அதுவ எல்லாம் ஹாஸ்டல். அட்டெண்டருக்குப் பின்னால கிங்ஸ்லி சார் வந்து நிக்காரு, கையில கார் சாவி, வீட்டுக்குப் போற வழியில எட்டிப் பாத்துருக்காரு, முடிஞ்சுதாம்மா, எவ்வளவு ஆச்சு, இப்பமே சொல்லிட்டேன்னா ராத்திரி ஸ்லைடுல போட்டுருவேன்னாரு. நான் எந்திரிச்சேன். நம்பி, நீ இங்க இல்ல, இருந்திருந்தா வாய் ஜாஸ்திட்டின்னு இழுத்துட்டுப் போயிருப்ப, அதனால நாளைக்கு நீ முன் வரிசையில வந்து உக்காரு, தட்டப் பாக்காத, நேராப் பாரு. பஸ் போயிட்டு சார்னேன். அவரு சிரிச்சாரு, நான் வேணா கார்ல விட்டுருதேன்னாரு. அந்தப் பிள்ளைய பைய தோள்ல போட்டபடி அப்படியே நின்னுட்டுதுவ. என் குரல் நான் நெனச்ச மாதிரி வரல, கத்தப் போறேன்னு நெனச்சேன், சன்னமாத்தான் வந்துச்சு.

"நேரத்த நான் ஸ்லைடுல போட மாட்டேன் சார். நாளைக்கு செமினார் ஹால்ல எக்ஸ்டர்னல், பிரின்சிபால், அத்தன பேரு முன்னாலயும் வாசிப்பேன், பஸ் கெளம்புன நேரத்தையும் சேத்து. செல்வின் அப்பாவும் வருவாரு, நான் கூப்புடப் போறேன். நாங்க மூணு தடவ வந்து கேட்டும் ஏன் கூடாதுன்னீங்க, அவன் செத்த பிறகு மட்டும் ஏன் சரின்னீங்க, அவன் சுத்தித் திரிஞ்சான்னு எழுதுனது யாரு. எங்கிட்ட இங்க வச்சுச் சொல்ல வேண்டாம் சார், கார்ல வச்சும் வேண்டாம். அவன் அப்பா மூஞ்சியப் பாத்து, மைக்கப் புடிச்சு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி பதில் சொல்லுங்க."